தாதியும் மருத்துவிச்சியும்

நோயுற்றவரைப் பேணுவது தாதியின் கடமை; மகவு ஈனும் தாயைப் பேணுவது மருத்துவிச்சியின் கடமை. இவ்விரு பணிகளும் ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடையன, ஆயினும் ஒன்றல்ல. இருவரும் வெள்ளுடை அணிந்து ஒரே வைத்தியசாலையில் நடமாடுவதால், பொதுமக்கள் இருவரையும் ஒருவராகவே கருதுவது இயல்பு. பொதுமக்கள் அவ்வாறு கருதுவதனால் விளையும் தீங்கு பெரிதன்று. ஆனால் சட்டமும் பாடத்திட்டமும் அவ்வாறே கருதத் தொடங்கினால், ஒரு கேள்வி எழாமற் போகாது. தாதியர் கல்லூரியிற் பயின்று தேறி வெளிவரும் மாணவி, பிரசவ அறையில் ஒரு தாயின் பொறுப்பைத் தன் கையில் ஏற்கும் அளவுக்கு ஆயத்தமாக இருக்கின்றாளா என்பதே அக்கேள்வி.

அயல்நாடாகிய இந்தியாவில் இக்கேள்வி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. அங்கே தாதிப் படிப்பும் மருத்துவிச்சிப் படிப்பும் ஒரே சான்றிதழில் அடங்கியவை. இலங்கையிலோ மருத்துவிச்சிக்கெனத் தனிப் பயிற்சி நெடுநாளாக நிலைபெற்றுள்ளது. இரு நாடுகளும் இரு வழிகளிற் சென்றமையால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு நோக்குவது பயனுடையதாகும்.

முதலில், இரு பணிகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். தாதியின் முன்னே படுத்திருப்பவர் நோயாளர். அவருக்கு என்ன நோய் என்பதை வைத்தியர் துணிகின்றார். மருந்தும் அவரே விதிக்கின்றார். அவ்விதியைப் பிழையின்றி நிறைவேற்றுவதும், நோயாளரை இடைவிடாது கவனித்து மாற்றங்களை உடனுக்குடன் அறிவிப்பதும் தாதியின் பணியிற் பெரும்பகுதியாகும். கர்ப்பிணியோ நோயாளர் அல்லர். பிள்ளைப்பேறு உடலின் இயற்கைத் தொழில். பெரும்பாலான தாய்மாருக்கு அத்தொழில் தானாகவே நிறைவேறும். ஆகவே மருத்துவிச்சியின் திறமை, ஏதேனும் செய்வதில் இருப்பதைப் போலவே, செய்யாது பொறுத்திருப்பதிலும் இருக்கின்றது. எதுவரை பொறுத்திருக்கலாம், எப்போது வைத்தியரை அழைக்க வேண்டும் என்பதைத் துணிபவள் அவளே. அந்தத் துணிவை வேறெவரும் அவளுக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

பொறுத்திருத்தல் என்பது சும்மா இருத்தலன்று. நோவு தொடங்கிய தாயின் வயிற்றில் கைவைத்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை கருப்பை சுருங்குகின்றது, ஒவ்வொரு சுருக்கமும் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது என்று கணிக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது முறை. நோவு வலுத்த நிலையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், தாய் முக்கத் தொடங்கிய பின்னர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் அதனைச் செவிமடுக்க வேண்டும். தலை எப்பக்கம் திரும்பியுள்ளது, எவ்வளவு கீழிறங்கியுள்ளது என்பதை விரல்களாலே அறிய வேண்டும். அதே வேளையில் அச்சமுற்ற தாய்க்குத் தண்ணீர் கொடுத்து, தேறுதல் கூறி, எழுந்து நடக்கவும் சாய்ந்து கொள்ளவும் துணைநிற்க வேண்டும். கண்ணும் செவியும் கையும் ஒன்றுசேர்ந்து செய்யும் இத்தொழில், புத்தகத்திலிருந்து மட்டும் வருவதன்று.

குழந்தை பிறந்த கணத்திலோ இரு உயிர்கள் ஒருங்கே அவள் கண் முன்னே நிற்கின்றன. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிடத் தொடங்குவதற்குச் சிறிது உதவி தேவைப்படும். துடைத்து, சூடேற்றி, முதுகைத் தடவிவிட்டால் பெரும்பாலானவை அழத் தொடங்கும். சிலவற்றுக்கு முகமூடியும் பையும் கொண்டு காற்று ஊட்ட வேண்டும். இதற்குக் கிடைக்கும் காலம் முதல் ஒரு நிமிடமே. அந்த நிமிடத்திலேயே தாயின் கருப்பை இறுகிச் சுருங்குதற்காக ஒக்சிற்றோசின் என்னும் மருந்தைப் பத்து அலகு ஊசிமூலம் ஏற்றுதல் வேண்டும். நச்சுக்கொடி முழுமையாக வெளிவந்ததா எனப் பார்த்தல் வேண்டும். குருதிப்போக்கு 500 மில்லிலீற்றரை எட்டினால் அது பெரும்போக்கு எனக் கொள்ளப்படும். தடுக்கத் தெரிந்த கை அருகிலிருந்தால் தாய் பிழைப்பாள். அக்கை தயங்கினால், சுகமாய்ப் பெற்றவள் என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே அவள் நிலை கெட்டுவிடும். ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதற்கு அங்கே நேரம் இல்லை.

தாதித்துறையின் தாயென உலகம் போற்றும் புளோரன்ஸ் நைற்றிங்கேலும் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார். 1860களின் தொடக்கத்தில் இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் கிராமப் பெண்களுக்கு ஆறு மாத மகப்பேற்றுப் பயிற்சி அளிக்கும் பிரிவொன்றை அவர் ஏற்படுத்தினார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் பரவியமையால் 1867இல் அப்பிரிவு மூடப்பட்டது. பின்னர் 1871இல் மகப்பேற்று நிலையங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஆறு மாதம் பயின்றவரை மகப்பேற்றுத் தாதி என்று அழைக்கலாமே அன்றி மருத்துவிச்சி என்று அழைத்தல் பொருந்தாது என்றும், உண்மையான மருத்துவிச்சிக்கு இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும் என்றும் கருத்துரைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அவர் வகுத்த அந்த வேற்றுமை, இன்றும் தீராத வழக்காகவே இருக்கின்றது.

இனி இந்தியாவின் நிலையை நோக்குவோம். அங்கே மூன்றாண்டு நீடிக்கும் பொதுத் தாதியர், மருத்துவிச்சியர் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று உண்டு. நான்காண்டு நீடிக்கும் தாதியியற் பட்டப் படிப்பு மற்றொன்று. இவ்விரண்டில் எதனை முடித்தவரும் மாநிலப் பேரவையிற் பதிவு பெறும்போது, பதிவு பெற்ற தாதி என்றும் பதிவு பெற்ற மருத்துவிச்சி என்றும் இரு பெயர்களையும் ஒருங்கே பெறுகின்றார். மகப்பேற்றுப் பாடமோ அப்படிப்பின் பல பாடங்களில் ஒன்று. அறுவை மருத்துவம், குழந்தை நலம், மனநலம், சமூக நலம், நிருவாகம், ஆராய்ச்சி ஆகியவற்றோடு அதுவும் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றது.

கிராமங்களிற் பணிபுரியும் துணைத் தாதி-மருத்துவிச்சியின் கதையும் இதனையே காட்டும். தொடக்கத்தில் இரண்டாண்டாக இருந்த அவர்களது பயிற்சி, 1970களில் அவர்களைப் பல்நோக்குச் சுகாதார ஊழியராக ஆக்கிய வேளையில் 18 மாதமாகக் குறைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, நோய்த்தடுப்பு எனப் பல கடமைகள் வந்து சேர்ந்தன. பிரசவம் பார்ப்பதற்குரிய காலமோ சுருங்கியது. பின்னாளில் அப்பயிற்சி மீண்டும் இரண்டாண்டாக நீட்டப்பட்டது. பெயரில் மருத்துவிச்சி நின்றாள்; பணியில் அவள் மெல்ல மெல்ல மறைந்தாள் எனலாம்.

உலக மருத்துவிச்சியர் கூட்டமைப்பு இதற்கொரு அளவுகோலை வகுத்துள்ளது. நேரடியாக மருத்துவிச்சிப் படிப்பிற் சேர்பவருக்கு மூன்றாண்டும், முன்னரே தாதியாகப் பயின்றவருக்கு மேலும் 18 மாதமும் குறைந்த காலம் என்பது அதன் விதி. படிப்பில் அரைவாசிக்குக் குறையாத பங்கு செய்முறைப் பயிற்சியாக இருத்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டில் விதித்த நெறிப்படி, ஒரு மாணவி 40 பிரசவங்களையேனும் தானே நடத்தியிருக்க வேண்டும். போதிய தாய்மார் கிடைக்காத இடத்தில் 30 போதும். ஆயினும் மேலும் 20 பிரசவங்களில் துணைநின்றிருக்க வேண்டும். இந்தியாவில் நீண்டகாலம் வழக்கிலிருந்த பட்டப் படிப்புத் திட்டமோ 20 பிரசவங்களையே கேட்டது.

இருபது என்னும் அத்தொகையேனும் எட்டப்பட்டதா என்றால், அங்குதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குஜராத் மாநிலத்தில் இறுதியாண்டிற் பயின்ற தாதி மாணவரிடம், உலகக் கூட்டமைப்பு வகுத்த திறன்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவற்றைச் செய்வதற்குத் தமக்கு எவ்வளவு நம்பிக்கை உண்டு என வினவியது. உயர்ந்த நம்பிக்கையுடையோர் சிறு பகுதியினராகவே இருந்தனர். விதிக்கப்பட்ட பிரசவத் தொகையைப் பெரும்பாலான மாணவர் எட்டியிருக்கவுமில்லை. இன்னும் சில மாதங்களிற் பதிவு பெற்ற மருத்துவிச்சி எனப் பெயர்பெறப் போகின்றவர்களின் நிலை இதுவாக இருந்தது.

இதற்கு மாணவரைக் குறைகூறுவது நீதியன்று. பெரிய போதனா வைத்தியசாலையின் பிரசவ அறையில் மருத்துவக் கல்லூரி மாணவர், பயிற்சி வைத்தியர், பட்டப் படிப்பினர், சான்றிதழ்ப் படிப்பினர், துணைத் தாதி மாணவியர் ஆகிய யாவரும் அதே தாயைச் சூழ்ந்து நிற்கின்றனர். கை வைக்கும் வாய்ப்பு வைத்திய மாணவருக்கே முதலிற் செல்கின்றது. தாதி மாணவி கருவிகளை எடுத்துக் கொடுக்கின்றாள், குழந்தையைத் துடைக்கின்றாள், பதிவேட்டை நிரப்புகின்றாள். மற்றொரு பக்கத்தில், தமக்கென வைத்தியசாலையில்லாத தனியார் கல்லூரிகள் பெருகியமையால், பல கல்லூரிகளின் மாணவர் ஒரே அரசாங்க வைத்தியசாலையை நாடி வருகின்றனர். அவர்களுக்குச் சில கிழமைகளே அங்கு இடம் கிடைக்கின்றது. தாய்மாரின் தொகை கூடாதிருக்க, மாணவர் தொகை மட்டும் கூடினால், ஒவ்வொருவர் பங்கும் குறைவது கணக்கு.

எண்ணிக்கையை மட்டும் நோக்குவதால் வேறொரு கேடும் விளைகின்றது. மேற்கூறிய பாடத்திட்டம், மாணவி ஒவ்வொருவரும் ஐந்து தாய்மாருக்குப் பிறப்புவாயிலை வெட்டித் தையலிட்டிருக்க வேண்டும் என்றும் கேட்டது. அவ்வாறு வெட்டுதல் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யத்தக்கதன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையிற் கூறியுள்ளது. வெட்டாமலே பிள்ளை பிறக்கும்படி பொறுத்திருந்து, தலையைக் கையாலே தாங்கிக் காப்பதே மருத்துவிச்சியின் கலை. அக்கலையைக் கற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் நிரல் இல்லை. வெட்டியதற்கு மட்டும் நிரல் உண்டு. பரீட்சைக்கு வேண்டிய தொகையை நிரப்புவதற்காக ஒரு தாயின் உடலில் தேவையற்ற காயம் ஏற்படுமாயின், அந்தக் கல்வி எதனைக் கற்பிக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எதனை எண்ணுகின்றோமோ அதனையே மாணவர் கற்பர் என்பது எல்லாக் கல்விக்கும் பொதுவான உண்மை.

கற்பிப்போர் நிலையும் கருதத்தக்கது. தாதியர் கல்லூரி ஆசிரியர் பலர் வகுப்பறையிலேயே காலம் கழிப்பவர்கள். பிரசவ அறையில் நாள்தோறும் பணிபுரிபவர் அல்லர். பிரசவ அறையில் நாள்தோறும் பணிபுரிபவருக்கோ கற்பிக்கும் கடமை விதிக்கப்படவில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஆகவே மாணவி வகுப்பில் ஒன்றைக் கேட்கின்றாள். அறையில் மற்றொன்றைக் காண்கின்றாள். நோவுற்ற தாய் விரும்பியபடி அசையலாம் என்று புத்தகம் கூறுகின்றது. அறையிலோ அவள் மல்லாந்து படுக்க வைக்கப்படுகின்றாள். தாயிடம் இன்சொல் பேச வேண்டும் என்று புத்தகம் கூறுகின்றது. அறையிலோ அதட்டும் குரல் கேட்கின்றது. இரண்டில் எது மாணவியின் உள்ளத்திற் பதியும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

புத்தகமும் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கின்றது. நோவு வலுத்த தாய்க்குக் கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் விரிய வேண்டும் என்றும், அக்கோட்டிலிருந்து பிந்தினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்றும் பல தலைமுறை மாணவர் கற்றனர். ஒவ்வொரு தாயின் உடலும் ஒவ்வொரு வேகத்தில் இயங்குவதால், அந்த ஒரே அளவைக் கொண்டு எல்லோரையும் மதிப்பிடலாகாது என 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் அறிவித்தன. வலுத்த நோவு ஐந்து சென்ரிமீற்றரில் தொடங்குவதாகவும் அவை கொண்டன. 2020இல் அதற்கேற்ற புதிய பிரசவக் கவனிப்பு வரைபடமும் வெளியாயிற்று. பழைய விதியைக் கற்ற ஆசிரியர் புதியதைக் கற்காதிருந்தால், அவசியமற்ற மருந்தும் அவசியமற்ற அறுவையும் தாய்மாருக்கு நேரும்.

படிப்பு முடிந்த பின்னரும் குறை தொடர்கின்றது. வேலைக்கு அமர்த்தப்பட்ட தாதி இன்று பிரசவ அறையிலும், சில மாதங்களின் பின் அறுவைக் கூடத்திலும், அதன்பின் காய்ச்சல் விடுதியிலும் சுற்றிச் சுற்றி அனுப்பப்படுவது பரவலான வழக்கம். கை பழகும் தறுவாயில் அவள் வேறிடத்துக்குப் போய்விடுகின்றாள். இந்திய அரசாங்கம் தாதியருக்கும் துணைத் தாதி-மருத்துவிச்சியருக்கும் பிரசவம் பார்க்கும் திறனுக்கென மூன்று வார அளவிலான மீள்பயிற்சி ஒன்றை நாடெங்கும் நடத்த நேர்ந்தது. ஏற்கெனவே மருத்துவிச்சி எனப் பதிவு பெற்றவருக்கே அப்பயிற்சி வேண்டியிருந்தமை, முதற் படிப்பின் குறையைத் தெளிவாகக் காட்டும் சான்றாகும்.

இக்குறை நெடுங்காலம் வெளித்தோன்றாமைக்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் 2005-06ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நூற்றுக்கு 38.7 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஏனையவை வீடுகளில், பெரும்பாலும் ஊர் மருத்துவிச்சியின் கையில் நிகழ்ந்தன. 2019-21ஆம் ஆண்டுக் கணிப்பில் நிலையப் பிரசவம் நூற்றுக்கு 88.6 ஆக உயர்ந்தது. தாய்மார் பெருந்தொகையாக வைத்தியசாலையை நாடி வந்தனர். அவர்களை ஏற்கும் கைகள் அந்த அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. அதே கணிப்பில் அறுவை மூலம் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 21.5 ஆயின. இந்த உயர்வுக்குக் காரணம் பல. இயற்கைப் பிரசவத்தைத் தன்னம்பிக்கையோடு நடத்தவல்ல மருத்துவிச்சியர் குறைவாக இருப்பதும் அவற்றுள் ஒன்று என்று கருதப்படுகின்றது. எனினும் நற்பயனும் இல்லாமலில்லை. 2001-03இல் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 301 ஆக இருந்த தாய் மரணம், 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. எஞ்சியிருப்பதைக் குறைப்பதற்குக் கட்டடம் போதாது; கைத்திறன் வேண்டும்.

இதனை உணர்ந்த இந்திய அரசாங்கம் 2018இல் மருத்துவிச்சிச் சேவைக்கெனப் புதிய வழிகாட்டல்களை வெளியிட்டது. தாதியாகப் பதிவு பெற்றவர்களைத் தெரிந்தெடுத்து, 18 மாதம் மகப்பேற்றிலேயே பயிற்றி, தனித் தகுதியுடைய மருத்துவிச்சியராக ஆக்குவது அதன் நோக்கம். அதற்கு முன்னரே, 2017இல், தெலுங்கானா மாநிலம் ஐதராபாத்திலுள்ள பெர்னாண்டஸ் வைத்தியசாலையோடு சேர்ந்து இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. 2023இல் நிறைவேறிய புதிய சட்டம், பழைய 1947ஆம் ஆண்டுத் தாதியர் பேரவைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் பெயரிலேயே தாதியமும் மருத்துவிச்சியமும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஒரே சான்றிதழில் அடக்கியவற்றை மீண்டும் பிரித்துணரும் முயற்சி இது.

இலங்கையின் வழி வேறு. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. பெண்களை மருத்துவிச்சியராகப் பயிற்றும் பணியும் அங்கே வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டு, மருத்துவிச்சி வீடு வீடாகச் சென்று தாயைக் காணும் முறை உருவாயிற்று. 1927ஆம் ஆண்டு வைத்தியக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவிச்சியர் தம் பெயராலேயே பதிவு பெறுகின்றனர். இன்று பொதுச் சுகாதார மருத்துவ மாது, குடும்பநல உத்தியோகத்தர் என்றெல்லாம் அழைக்கப்படும் அவர்கள், ஏறக்குறைய மூவாயிரம் மக்களுக்கு ஒருவராகப் பணிபுரிகின்றனர். அவர்களுக்குரிய 18 மாதப் பயிற்சியில் ஓராண்டு வைத்தியசாலையிலும் ஆறு மாதம் ஊரிலும் கழிகின்றது. மூன்றாண்டு பயிலும் தாதி மாணவியோ வேறொரு நெறியிற் செல்பவள். அவளுக்கும் மகப்பேற்றுப் பாடம் உண்டு. ஆயினும் அப்பாடத்தைக் கற்றதனால் மட்டும் அவள் மருத்துவிச்சி ஆகிவிடுவதில்லை.

இதன் பயனை வரலாறு கூறும். 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் அத்தொகை நாற்பதுக்குக் கீழ் நின்றது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண் கல்வி, குருதி வங்கி, வைத்தியர் சேவை ஆகிய யாவும் இவ்வெற்றியிற் பங்குடையன. ஆயினும், கர்ப்பிணியை முதல் மாதங்களிலேயே கண்டறிந்து, பெயர் பதிந்து, கிளினிக்குக்கு அழைத்து, கால் வீங்கினாலும் தலைவலித்தாலும் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு அனுப்பிய மருத்துவிச்சி இல்லையேல், ஏனையவை அவளிடம் சென்று சேர்ந்திரா.

ஆனால் இந்நிலையிலும் மனநிறைவு கொண்டிருத்தல் தகாது. உலகக் கூட்டமைப்பு கேட்கும் மூன்றாண்டுக்கு முன் 18 மாதம் குறைந்ததே. மேலும், இந்நாட்டிற் பிரசவங்கள் ஏறத்தாழ முழுவதும் வைத்தியசாலையிலேயே நிகழ்வதால், ஊரிற் பணிபுரியும் மருத்துவ மாதுக்குப் பிள்ளை ஏந்தும் வாய்ப்பு மிக அரிதாகிவிட்டது. பயிற்சியிற் பெற்ற கைத்திறன், பயன்படாத கத்திபோலத் துருப்பிடித்தல் கூடும். வெள்ளமோ மண்சரிவோ வழியை மறித்த ஓரிரவில், அவளையே நம்பியிருக்க வேண்டிய தாய் ஒருத்தி இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தாதிக் கல்வி மகப்பேற்றுப் பணிக்குப் பயனற்றது என்பது இவ்வுரையின் கருத்தன்று. தூய்மை பேணல், குருதி அழுத்தம் அளத்தல், மருந்தின் அளவறிதல், நோயின் குறிகளை உணர்தல் ஆகியவற்றிற் பயின்ற தாதி, மகப்பேற்றைக் கற்கத் தொடங்கும்போது முன்னரே பாதிவழி வந்தவள் ஆவாள். நீரிழிவும் இதயநோயும் உடைய கர்ப்பிணிகள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்வறிவு மிகவும் வேண்டப்படுவது. குறை, தாதி என்பதில் இல்லை. எஞ்சிய பாதிவழியை நடவாமலே வந்து சேர்ந்துவிட்டாள் எனச் சான்றிதழ் கூறுவதில் இருக்கின்றது.

அந்தப் பாதிவழியை நடக்கச் செய்வதற்கு வேண்டியவை அரியவை அல்ல. ஒரு வைத்தியசாலையில் ஆண்டுக்கு எத்தனை பிரசவம் நிகழ்கின்றதோ அதற்கேற்பவே மாணவர் சேர்க்கப்படுதல் வேண்டும். இயல்பான பிரசவங்களில் ஒரு பங்கு மருத்துவிச்சி மாணவியருக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். பதிவேட்டில் எண்ணிக்கை மட்டுமன்றி, மாணவி என்ன கண்டாள், என்ன துணிந்தாள், எதற்காகப் பொறுத்திருந்தாள் என்பதும் எழுதப்படுதல் வேண்டும். கற்பிப்பவர் கிழமையில் சில நாளேனும் பிரசவ அறையிற் பணிபுரிதல் வேண்டும். அரிதாக நேரும் ஆபத்துகளான பெருங்குருதிப்போக்கு, வலிப்பு, தோள் சிக்கல் ஆகியவற்றை, பொம்மை உருவங்களைக் கொண்டு மீண்டும் மீண்டும் பயிற்றுதல் வேண்டும். அவை நேரும்போதுதான் கற்பது என்றால், அக்கல்விக்கு விலை ஓர் உயிராகும். தேர்ந்தவரைப் பிரசவ அறையிலேயே நிலைநிறுத்துதலும், ஊரிலுள்ளவரை ஆண்டுதோறும் சிலநாள் அவ்வறைக்கு அழைத்துக் கைத்திறனைப் புதுப்பித்தலும் வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது, மாணவியின் அருகில் ஓர் அனுபவமுடைய மருத்துவிச்சி நிற்பதாகும். முதற் பிரசவங்களில் மூத்தவளின் கைமீது மாணவியின் கை இருக்கும்; பின்னர் மாணவியின் கைமீது மூத்தவளின் கை இருக்கும்; இறுதியில் மூத்தவள் கைகட்டி நின்று பார்த்திருப்பாள். இம்மூன்று நிலைகளையும் கடந்தவளே ஆயத்தமானவள். பழைய ஊர் மருத்துவிச்சியர் தம் மகளிருக்கும் மருமகளிருக்கும் தொழிலைக் கற்பித்ததும் இம்முறையிலேயே. அவர்களிடம் இல்லாதிருந்த தூய்மையையும் விஞ்ஞான அறிவையும் கல்லூரி கொடுத்தது. கல்லூரி கைவிட்ட அந்தக் கைப்பழக்கத்தை மீண்டும் அதனோடு சேர்ப்பதே இன்று செய்யவேண்டிய பணியாகும்.

பிரசவ அறைக்குட் செல்லும் தாய், தன்னை ஏற்கும் பெண்ணின் சான்றிதழைக் கேட்பதில்லை. அவள் கற்றவள், செய்தவள் என்று நம்பியே தன் உயிரையும் பிள்ளையின் உயிரையும் ஒப்படைக்கின்றாள். அந்த நம்பிக்கை பொய்யாகாது காக்கும் பொறுப்பு, மாணவியைச் சேர்ந்தது மட்டுமன்று. அவளுக்குச் சான்றிதழ் வழங்குவோர் யாவரையும் சேர்ந்தது.